மெம்ஃபிஸ், 1892: ஐடா பி. வெல்ஸ் எண்ணத் தொடங்கிய கதை

1892 மார்ச் வரை ஐடா பி. வெல்ஸும் மற்றவர்களைப் போலவே பத்திரிகையில் வந்ததை நம்பிக்கொண்டுதான் இருந்தார். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஒரு கறுப்பினத்தவரை வெள்ளையர் கும்பல் பிடித்துக்கொண்டுபோய்க் கொன்றால், மறுநாள் செய்தியில் காரணமும் சேர்ந்தே வரும்: வெள்ளைக்காரப் பெண்ணைக் கெடுத்தான். சட்டப்படி தப்புதான், ஆனால் அப்படியொரு குற்றத்தைக் கேட்டு ஊர் கொதித்திருக்கும், செத்தவனும் சாக வேண்டியவனாகவே இருந்திருப்பான் என்று தானும் நினைத்திருந்ததாக அவர் தன்வரலாற்றில் ஒளிக்காமல் எழுதுகிறார். அப்போது அவருக்கு வயது 29. டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரில் ஒரு பத்திரிகையின் பங்குதாரர், அதன் ஆசிரியரும் அவரே. ஊருக்குச் செய்தி சொல்கிற இடத்தில் இருந்தவரையே அந்தச் செய்தி ஏமாற்றியிருந்தது.

மார்ச் 9 அதிகாலை மூன்று பேர் அதே விதமாகக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவரின் மகளுக்கு வெல்ஸ் ஞானத்தாய். அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்று அவருக்குத் தெரியும். பத்திரிகை சொல்லும் காரணத்தை அவர் முதன்முதலாகத் திருப்பிப் பார்த்தது அங்கேதான்.

வெல்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய துணிச்சலைத்தான் அதிகம் பேசுவார்கள். அதில் தப்பில்லை. ஆனால் துணிச்சல் அந்தக் காலத்தில் வேறு பலருக்கும் இருந்தது, மெம்ஃபிஸிலேயே இருந்தது. அந்த மூன்று கொலைகளுக்குப் பிறகு அவர் செய்த வேலையின் விதம்தான் அப்போது வேறு யாரிடமும் இல்லாதது. அதனால் இங்கே அந்த ஓராண்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கிறேன். முன்னும் பின்னும் வேண்டிய அளவுக்கு மட்டும்.

அதற்கு முன்

1862 ஜூலை 16, மிசிசிப்பி மாநிலத்தின் ஹாலி ஸ்பிரிங்ஸ். அடிமையாகவே பிறந்தார், அடிமைகளை விடுவித்த லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடப்புக்கு வர இன்னும் ஐந்தரை மாதம் இருந்தது. அப்பா ஜேம்ஸ் தச்சர். 1878இல் பரவிய மஞ்சள் காய்ச்சல் அப்பா, அம்மா, கைக்குழந்தையாக இருந்த தம்பி மூவரையும் கொண்டுபோனது. பிள்ளைகளை ஆளுக்கு ஒரு வீடாகப் பிரித்துக் கொடுக்கலாம் என்று பெரியவர்கள் பேசியபோது, 16 வயது ஐடா அதற்கு ஒப்பவில்லை. பாவாடையின் மடிப்பைப் பிரித்து நீளமாக்கி, 18 வயது என்று தோன்றும்படி உடுத்திக்கொண்டு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியை வேலைக்குச் சேர்ந்தார். கோவேறு கழுதையில் ஆறு மைல் போய்வர வேண்டும். மாதச் சம்பளம் 25 டாலர்.

பிறகு மெம்ஃபிஸ் பக்கம் குடிபெயர்ந்தார். அங்கே 1883இல் ரயிலில் நடந்த தகராறு இந்தக் கதையில் எல்லாரும் சொல்வது. முதல் வகுப்புச் சீட்டு எடுத்துப் பெண்கள் பெட்டியில் உட்கார்ந்திருந்தவரை, புகைபிடிப்பவர்களின் பெட்டிக்குப் போகச் சொன்னார் கண்டக்டர். மறுத்தார். இழுத்த கையைக் கடித்தார். கடைசியில் மூன்று ஆண்கள் சேர்ந்து இழுத்துப்போக, பெட்டியிலிருந்த வெள்ளையர்கள் கைதட்டினார்கள். அவர் வழக்குப் போட்டார். 1884 டிசம்பரில் 500 டாலர் இழப்பீடு தீர்ப்பானது. 1887இல் டென்னசி உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்து, வழக்குச் செலவையும் அவர் தலையிலேயே கட்டியது. நீதிமன்றத்தின் மேல் இருந்த நம்பிக்கை இப்படிப் போனவர், எழுத்தின் மேல் வைத்திருந்ததை மட்டும் விடவில்லை. ‘அயோலா’ என்ற புனைபெயரில் அவர் எழுதியவற்றைக் கறுப்பினத்தவர் நடத்திய பல பத்திரிகைகள் எடுத்துப் போட்டன.

1889இல் ‘ஃப்ரீ ஸ்பீச் அண்ட் ஹெட்லைட்’ பத்திரிகையில் மூன்றில் ஒரு பங்கை வாங்கினார். ஆசிரியை வேலையையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் எவ்வளவு மோசமாக இருக்கின்றன என்று 1891இல் தன் பத்திரிகையிலேயே எழுதினார். பள்ளி வாரியம் வேலையைப் புதுப்பிக்கவில்லை. அதன் பிறகு முழுநேரப் பத்திரிகைக்காரர்.

விற்பனையில் அவர் காட்டிய சாமர்த்தியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத கறுப்பினத்தவர் பலரும் ஃப்ரீ ஸ்பீச்சை வாங்கிப்போய் வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். பேப்பர் விற்கும் பையன்கள் அவர்களிடம் வேறு பத்திரிகையைத் தள்ளிவிட்டு ஏமாற்றுவதாகத் தெரிந்தது. உடனே தன் பத்திரிகையை இளஞ்சிவப்புத் தாளில் அச்சிட ஆரம்பித்தார். நிறத்தைப் பார்த்தால் போதும், எழுத்து தெரிய வேண்டியதில்லை. தன் வாசகர் யார் என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த ஆசிரியர்கள் எந்தக் காலத்திலும் குறைவு.

‘கர்வ்’ பகுதி மளிகைக் கடை

டிராம் தண்டவாளம் வளைந்து திரும்பும் இடம் என்பதால் மெம்ஃபிஸின் அந்தப் புறநகருக்கு ‘கர்வ்’ என்றே பெயர். அங்கே ஒரு வெள்ளைக்காரர் மளிகைக் கடை வைத்திருந்தார். போட்டிக்கு ஆள் இல்லாத வியாபாரம். கறுப்பினத்தவர் சிலர் பணம் போட்டு ‘பீப்பிள்ஸ் கிராசரி’ என்று கூட்டாக ஒரு கடை திறந்ததும் அது ஆட்டம் கண்டது. புதிய கடையின் தலைவர் தாமஸ் மாஸ், அவர் மகளுக்குத்தான் வெல்ஸ் ஞானத்தாய். பகலில் தபால்காரர், இரவில் கடைக் கணக்கு பார்ப்பார். கால்வின் மெக்டவலும் வில் ஸ்டூவர்ட்டும் கடையை நடத்தினார்கள்.

கோலி விளையாட்டில் பையன்களுக்குள் வந்த சண்டை பெரியவர்களின் சண்டையாகி, கடையைத் தாக்கப்போகிறார்கள் என்ற பேச்சு பரவியது. மார்ச் 5, சனிக்கிழமை இரவு, சாதாரண உடையில் ஆயுதங்களோடு சிலர் கடையின் பின்பக்கமாக வந்தார்கள். உள்ளே காவலுக்கு இருந்தவர்கள் சுட்டார்கள். மூன்று பேருக்குக் காயம். வந்தவர்கள் ஷெரீஃபின், அதாவது வட்டாரக் காவல் அதிகாரியின், ஆட்கள் என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. கறுப்பினத்தவர் கும்பல் கும்பலாகக் கைதானார்கள். காயம்பட்டவர்கள் யாரும் சாக மாட்டார்கள் என்று தெளிவான பிறகு, ஒன்பதாம் தேதி விடியுமுன் முகமூடி அணிந்த கும்பல் சிறைக்குள் புகுந்து மாஸ், மெக்டவல், ஸ்டூவர்ட் மூவரையும் இழுத்துப்போய், ஊருக்கு வடக்கே ரயில் பாதை ஓரத்தில் சுட்டுக் கொன்றது.

இதில் பத்திரிகைக்கு ஒரு பங்கு உண்டு. நகரின் காலைப் பத்திரிகைகளில் ஒன்று, கொலையின் விவரம் முழுவதும் வாசகருக்குக் காலை உணவோடு போய்ச் சேரட்டும் என்று பதிப்பை நிறுத்திவைத்துக் காத்திருந்து அச்சிட்டது. என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரியாமல் பதிப்பை நிறுத்த முடியாது. மாஸ் சாகும்போது என்ன சொன்னார் என்பதுகூட அச்சில் வந்தது: என் மக்களை மேற்கே போகச் சொல்லுங்கள், இங்கே அவர்களுக்கு நீதி இல்லை. கடைசி வார்த்தை வரைக்கும் தெரிந்தவர்களுக்குக் கொன்றவர்கள் யார் என்று மட்டும் தெரியவில்லை. விசாரணை முடிவிலும் ‘அடையாளம் தெரியாத நபர்கள்’ என்றே எழுதினார்கள். சூறையாடப்பட்ட கடையில் மிஞ்சிய சரக்கு ஏலத்துக்குப் போனதாக வெல்ஸ் எழுதுகிறார்.

அவர் அன்று வெளியூரில் இருந்தார், மிசிசிப்பியின் நாட்செஸில். திரும்பி வருவதற்குள் மாஸை அடக்கம் செய்துவிட்டார்கள்.

பெண்ணைக் கெடுத்தான் என்ற பேச்சே இந்தக் கொலையில் இல்லை. இருந்தது மளிகைக் கடை. இந்த மூன்று பேர் விஷயத்தில் காரணம் இது என்றால், இதுவரை தான் வாசித்து நம்பிய மற்றச் செய்திகளில் எது காரணமாக இருந்திருக்கும்? இந்தக் கேள்வி அவரை விடவே இல்லை.

டிராம் கம்பெனிக்காரர்கள் வந்த நாள்

ஃப்ரீ ஸ்பீச் தலையங்கம் எழுதியது: உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்புத் தராத, நீதிமன்றத்தில் நியாயமும் தராத இந்த ஊரை விட்டு, காசைச் சேர்த்துக்கொண்டு கிளம்புங்கள். ஆயிரக்கணக்கில் கிளம்பினார்கள். பாதிரியார்கள் தங்கள் சபையோடு சேர்ந்து போனார்கள். வீட்டு வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, கடைகளில் வியாபாரம் படுத்தது. ஓக்லஹோமாவில் குடியேறியவர்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று வெள்ளையர் பத்திரிகைகள் பயமுறுத்தியபோது, வெல்ஸ் நேரில் போய் மூன்று வாரம் சுற்றிப் பார்த்து, கண்டதை எழுதி அனுப்பினார்.

இருப்பவர்கள் டிராமில் ஏறுவதை நிறுத்தினார்கள். கொலைகள் நடந்து ஆறு வாரமானபோது டிராம் கம்பெனியின் மேலாளரும் பொருளாளரும் ஃப்ரீ ஸ்பீச் அலுவலகத்துக்கே வந்தார்கள். கறுப்பின மக்கள் மறுபடி டிராமில் ஏற வேண்டும், நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்றார்கள். ஏன் ஏறுவதில்லை என்று நினைக்கிறீர்கள் என்று வெல்ஸ் கேட்டார். மின்சாரத்துக்குப் பயப்படுகிறார்கள் போலிருக்கிறது என்று பதில் வந்தது. மின்சார டிராம் ஓட ஆரம்பித்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகிறது, கூட்டம் குறைந்தது எப்போதிலிருந்து என்று அடுத்த கேள்வி. ஒரு ஆறு வாரமாக, என்றார்கள். மூன்று பேரைக் கொன்று சரியாக ஆறு வாரம் ஆகிறது என்றார் இவர். அதற்கும் டிராம் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை, கம்பெனி வடக்கத்தி முதலாளிகளுடையது என்றார்கள். நடத்துகிறவர்கள் இந்த ஊர்க் கொலைகாரர்கள்தானே என்றார் இவர்.

அவர்கள் போனதும் அந்த உரையாடலை அப்படியே எழுதி அடுத்த இதழில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை ஊரின் இரண்டு பெரிய தேவாலயங்களுக்குப் போய், விடாதீர்கள், தொடர்ந்து நடந்தே போங்கள் என்றார். சமாதானம் பேச வந்தவர்களிடமே தேதிக் கணக்குக் கேட்டு, பதிலை அவர்கள் வாயாலேயே வரவைத்திருக்கிறார். பின்னாளில் நாடறிய அவர் செய்ததன் சிறு வடிவம் இது என்பேன்.

மே 21

அந்த மூன்று மாதமும் அவர் வேறொரு வேலையும் செய்துகொண்டிருந்தார். பத்திரிகைகளில் வந்த கும்பல் கொலைச் செய்திகளை எடுத்துக்கொண்டு, முடிந்த இடங்களுக்கு நேரில் போய் விசாரித்தார். மிசிசிப்பியின் டுனிகா வட்டாரத்தில் ஷெரீஃபின் ஏழு வயது மகளைக் கெடுத்தவன் கொல்லப்பட்டான் என்று செய்தி வந்திருந்தது. போய்ப் பார்த்தார். அந்த ‘ஏழு வயதுச் சிறுமி’ 17 வயதைத் தாண்டிய பெண். அந்த ஆளின் குடிசையில் அவள் இருந்ததை அப்பா கண்டுபிடித்திருக்கிறார். கும்பலைக் கூட்டிவந்ததும் அவரே.

பத்திரிகைக்காரர்களுக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். ‘போலீஸ் தரப்பில் கூறப்படுகிறது’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டுப் பக்கத்தை முடிக்கிற பழக்கம் எவ்வளவு வசதியானது என்று அறிந்தவர்களுக்கு, டுனிகாவுக்குப் போன அந்தப் பயணம் எவ்வளவு பெரிது என்று புரியும். அதுவும் ஒரு கறுப்பினப் பெண், 1892இல், தனியாக.

மே 21 இதழில் சின்னதாக ஒரு தலையங்கம் வந்தது. சென்ற இதழுக்குப் பிறகு எட்டுப் பேர் கொல்லப்பட்டிருக்கிறார்கள் என்று தொடங்கி, கறுப்பின ஆண்கள் வெள்ளைப் பெண்களைக் கெடுக்கிறார்கள் என்ற நைந்துபோன பொய்யை இந்தப் பக்கத்தில் யாரும் நம்புவதில்லை என்றது. தென்னாட்டு வெள்ளை ஆண்கள் எச்சரிக்கையாக இல்லாவிட்டால் மக்கள் வேறொரு முடிவுக்கு வருவார்கள், அது அவர்கள் வீட்டுப் பெண்களின் ஒழுக்கத்துக்குப் பெரிய களங்கமாக இருக்கும் என்று முடித்தது. கையெழுத்து இல்லை.

எழுதிவைத்துவிட்டு அவர் பிலடெல்பியாவில் ஒரு சபை மாநாட்டுக்குப் போய், அங்கிருந்து நியூயார்க் போகத் திட்டமிட்டிருந்தார். தலையங்கம் வெளியானபோது ஊரில் இல்லை. 25ஆம் தேதி ‘டெய்லி கமர்ஷியல்’ கொதித்தது. ‘ஈவினிங் சிமிட்டர்’ அதைவிடக் கொதித்தது. எழுதியவர் ஆண் என்றே நினைத்துக்கொண்டு, அவனை மெயின் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் இடத்தில் கம்பத்தில் கட்டி, நெற்றியில் சூடுபோட்டு, தையல்காரன் கத்தரியால் அறுவை செய்ய வேண்டும் என்று அச்சில் எழுதியது. ஒரு நகரத்து நாளிதழின் தலையங்கப் பக்கத்தில் வந்தது இது. நகரப் பெரியவர்கள் பருத்திச் சந்தைக் கட்டடத்தில் கூடிப் பேசினார்கள். பங்குதாரர் ஃப்ளெமிங் ஊரைவிட்டு ஓடித் தப்பினார். ஃப்ரீ ஸ்பீச் அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது. நியூயார்க் பக்கம் வந்து இறங்கிய வெல்ஸிடம் ‘நியூயார்க் ஏஜ்’ ஆசிரியர் டி. தாமஸ் ஃபார்ச்சூன் செய்தித்தாளை நீட்டியபோதுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. ஊருக்குத் திரும்பினால் கொன்றுவிடுவார்கள் என்று நண்பர்கள் சொல்லி அனுப்பினார்கள்.

அந்தத் தலையங்கத்தைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. அதில் ஆதாரம் என்று ஒரு வரிகூட இல்லை. கையில் ஆதாரம் வைத்திருந்தவர் அதைக் காட்டாமல் முடிவை மட்டும், அதுவும் சீண்டலாக, எழுதினார். ஒரு பத்திரிகையையே விலையாகக் கேட்ட வரிகள், வெறும் கருத்தாக நின்றுவிட்டன. ஆதாரத்தோடு வந்திருந்தால் மெம்ஃபிஸ் சும்மா விட்டிருக்குமா என்றால், இல்லை. ஆனாலும் தொழில்முறையில் பார்த்தால் வரிசை தலைகீழாகத்தான் இருந்தது. அடுத்த மாதம் அதை அவரே நேர் செய்தார்.

160 பேரின் பட்டியல்

அச்சகம் போனது, ஆனால் சந்தாதாரர் பட்டியல் போகவில்லை. அதை நியூயார்க் ஏஜுக்குக் கொடுத்து, பதிலுக்கு அந்தப் பத்திரிகையில் நாலில் ஒரு பங்கைப் பெற்றார். ஜூன் 25 இதழின் முதல் பக்கத்தில் ஏழு பத்திகளுக்கு அவருடைய கட்டுரை வந்தது: பெயர், தேதி, ஊர், சொல்லப்பட்ட காரணம், உண்மையான காரணம். பத்தாயிரம் பிரதிகள் போட்டார்கள். மெம்ஃபிஸிலேயே ஆயிரம் போய்ச் சேர்ந்தன. அக்டோபரில் நியூயார்க், புரூக்ளின் நகரங்களின் கறுப்பினப் பெண்கள் கூட்டம் நடத்திப் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். அதில் வந்ததுதான் ‘சதர்ன் ஹாரர்ஸ்’ என்ற குறுநூல். மூன்றாண்டு கழித்து, 1895இல், சுமார் நூறு பக்கத்தில் ‘எ ரெட் ரெக்கார்ட்’.

எண்களை அவர் எங்கிருந்து எடுத்தார் என்பதுதான் விஷயம். வெள்ளையர் நடத்திய ‘சிகாகோ டிரிப்யூன்’ ஆண்டுதோறும் கும்பல் கொலைகளைத் தொகுத்து வெளியிடும். அதையே எடுத்துக்கொண்டார். மிகைப்படுத்துகிறாள் என்று யாரும் சொல்ல முடியாது. கொலைகாரர்கள் தங்கள் வாயாலேயே தண்டனை பெறட்டும் என்று எழுதினார். எட்டாண்டுகளில் 728 பேர். அவர்களில் பெண்ணைக் கெடுத்ததாகக் குற்றமாவது சாட்டப்பட்டவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். குற்றச்சாட்டு உண்மையா என்பது அடுத்த கேள்வி.

1892ஆம் ஆண்டுக் கணக்கை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மொத்தம் 241 பேர் கொல்லப்பட்டார்கள், அதில் 160 பேர் கறுப்பினத்தவர். அந்த 160இல் கொலைக் குற்றச்சாட்டு 58. கெடுத்ததாகக் குற்றச்சாட்டு 46, கெடுக்க முயன்றதாக 11. தீ வைத்தது 6, கொள்ளை 6, கொள்ளைச் சந்தேகம் 4. இன வெறுப்பு 6, அதாவது காரணம் என்று எழுதப்பட்டதே அதுதான். பெண்களை அவமதித்தது 2. மோசடி 1. தற்காப்பு 1, தன்னைக் காத்துக்கொண்டதற்காக ஒரு கொலை. காரணம் தரப்படவில்லை 4. கடைசியில் குற்றம் எதுவும் சொல்லப்படாமல் 2: ஒரு சிறுவன், ஒரு சிறுமி.

இந்தப் பட்டியலுக்கு அவர் உரத்த விளக்கம் எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை. உணர்ச்சியோடு எழுதத் தெரியாதவர் இல்லை. ஃப்ரீ ஸ்பீச் தலையங்கங்களே சாட்சி. ஆனால் மே மாதம் அவர் எழுதிய வரிகளை வசை என்று தள்ளிவிட முடிந்தவர்களால், டிரிப்யூனின் எண்களை அப்படித் தள்ள முடியவில்லை.

முறையில் ஓட்டை இல்லாமலில்லை. டிரிப்யூன் கணக்கு பத்திரிகைச் செய்திகளைக் கூட்டியது. செய்தியாகாத கொலை அதில் வராது. காரணமும் பத்திரிகை சொன்ன காரணமே. அதனால்தான் அவர் எண்ணுவதோடு நிற்காமல் ஒவ்வொரு சம்பவத்தையும் தனித்தனியாகத் தோண்டினார். 1899இல் ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் கொல்லப்பட்டபோது, சிகாகோவிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துப்பறிவாளரை அனுப்பி விசாரிக்கச் செய்தார். நிலக்கிழாரின் மனைவியைக் கெடுத்தான் என்று ஊர் சொன்னது. விசாரித்துவந்தவர் சொன்னது கூலித் தகராறும் தற்காப்பும்.

கடல் கடந்து

கேத்தரின் இம்பி இங்கிலாந்தின் ஸ்ட்ரீட் என்ற சிற்றூரிலிருந்து ‘ஆன்டி-காஸ்ட்’ என்ற இதழை நடத்தியவர். நிற வேற்றுமையைச் சாதி என்றே பெயரிட்டு எதிர்த்த இதழ் அது. 1893இல் வெல்ஸை பிரிட்டனுக்கு அழைத்தவர்களில் அவர் ஒருவர். மறு ஆண்டு இரண்டாம் பயணத்தில், வெள்ளையர் நடத்திய ‘சிகாகோ இன்டர் ஓஷன்’ நாளிதழுக்குச் சம்பளம் பெறும் நிருபராக அங்கிருந்து கட்டுரைகள் அனுப்பினார்.

மெம்ஃபிஸ் பருத்தி விற்கிற ஊர், இங்கிலாந்து பருத்தி வாங்குகிற நாடு. வாங்குகிறவன் காதில் போட்டால் விற்கிறவனுக்குச் சுருக்கென்று படும். பட்டது. ‘நியூயார்க் டைம்ஸ்’ அவரை அவதூறு பேசும் வக்கிரபுத்திக்காரி என்று 1894இல் எழுதியது. 2018இல் அதே பத்திரிகை, தான் அப்போது போடாமல் விட்டவர்களுக்கான வரிசையில் அவருக்கு இரங்கல் குறிப்பு வெளியிட்டது. 2020இல் புலிட்சர் குழு சிறப்பு விருது அறிவித்தது. அவர் இறந்தது 1931இல், சிகாகோவில்.

1895இல் சிகாகோ வழக்கறிஞர் ஃபெர்டினண்ட் பார்னெட்டை மணந்து வெல்ஸ்-பார்னெட் ஆனார். கூட்டங்களுக்காகக் கல்யாணத்தை மூன்று முறை தள்ளிவைத்தவர். நான்கு பிள்ளைகள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டே கூட்டங்களுக்குப் போனார். சங்கங்களோடு அவருக்கு ஒத்துப்போனது குறைவு, 1909இல் கறுப்பினத்தவர் உரிமைக்கான என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு உருவானபோது நிறுவுநர் பட்டியலில் முதலில் அவர் பெயரையே விட்டுவிட்டார்கள், கேட்ட பிறகுதான் சேர்த்தார்கள். விட்டுக்கொடுத்துப் பழகாத சுபாவம் ஒரு காரணம். ஆனால் அதே சுபாவம் உள்ள ஆண்களுக்கு அந்தப் பட்டியலில் இடம் இருந்தது.

மறுபடி தெற்கே

மெம்ஃபிஸில் கற்ற முறை காலத்துக்கு நின்றதா என்று பார்க்க ஆர்கன்சாஸைப் பார்க்க வேண்டும். 1919 செப்டம்பர் கடைசியில் எலைன் என்ற ஊர்ப் பக்கம், பருத்திக்கு நியாய விலை கேட்டுச் சங்கம் சேர்ந்த கறுப்பினக் குத்தகை விவசாயிகள் தேவாலயத்தில் கூடினார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஒரு வெள்ளையர் இறந்தார். அதன் பிறகு நாட்கணக்கில் கறுப்பினத்தவர் வேட்டையாடப்பட்டார்கள். பத்திரிகைகள் இதற்குக் கொடுத்த பெயர் ‘கறுப்பினத்தவர் கலகம்’. பன்னிரண்டு விவசாயிகளுக்குத் தூக்கு. ஜூரிகள் தீர்ப்புக்கு எடுத்துக்கொண்டது சில நிமிடங்கள்.

வெல்ஸுக்கு அப்போது 57 வயது. கைதி ஒருவரின் உறவுக்காரப் பெண் என்று சொல்லிக்கொண்டு, மனைவி, தாய்மார்களோடு சேர்ந்து சிறைக்குள் போனார். காவலர் கண்டுகொள்ளவில்லை. உள்ளே கைதிகள் ஒவ்வொருவரிடமும் அவர் கேட்டதில் முக்கியமானது கணக்கு: எத்தனை ஏக்கர் பருத்தி, எத்தனை ஏக்கர் சோளம், ஆடு மாடு எவ்வளவு, வீட்டில் என்ன இருந்தது, இப்போது அதெல்லாம் யார் கையில். 1920இல் வெளியிட்ட குறுநூலில் அதைப் பெயர்வாரியாக அச்சிட்டார். கலகம் என்று சொல்லப்பட்டது யாருக்கு லாபம் என்று வாசிப்பவர் தாமே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். மளிகைக் கடை விஷயத்தில் கண்டதையே பருத்திக் காட்டிலும் தேடியிருக்கிறார்.

கைதிகள் அவருக்காகப் பாட்டுப் பாடினார்கள், ஜெபம் செய்தார்கள். எல்லாம் சாவைப் பற்றியும் மோட்சத்தைப் பற்றியும், எதிரிகளை மன்னிப்பதைப் பற்றியும் இருந்தன. கேட்டுக்கொண்டே இருந்தவர் கடைசியில் கம்பிக்குப் பக்கத்தில் போய், சாவதைப் பற்றிப் பேசியது போதும், உயிரோடு வெளியே வர வேண்டும் என்று ஜெபம் செய்யுங்கள் என்றார்.

1923இல் ‘மூர் எதிர் டெம்ப்சி’ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கும்பலின் மிரட்டலுக்கு நடுவே நடந்த விசாரணை விசாரணையே ஆகாது என்றது. என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பும் உள்ளூர்க் கறுப்பின வழக்கறிஞர் சிப்பியோ ஜோன்ஸும் நடத்திய வழக்கு அது. அந்தப் பெருமை அவர்களுடையது. 1925க்குள் பன்னிரண்டு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் சிகாகோவுக்கு வந்து வெல்ஸின் வீட்டைத் தேடிப் பிடித்தார். அன்று அவர் சொன்ன பிறகு நாங்கள் சாவைப் பற்றிப் பேசவே இல்லை என்று வீட்டிலிருந்தவர்களிடம் சொல்லிவிட்டுப் போனார்.